பழகிப் போச்சுங்க!

கல்யாணப் பந்தலில் முகூர்த்த நேரம். புரோகிதர் விரலை உயர்த்துகிறார். "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று நாலு பேர் குரல் கொடுக்கிறார்கள். தவில் முழங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது காதில் விழவில்லை. ஆனாலும் யாராவது முகத்தைச் சுளிக்கிறார்களா? பெண்ணைப் பெற்றவள் கண்ணில் நீர் தளும்ப நிற்கிறாள். அவளுக்கு அந்த முழக்கம் இன்னும் கொஞ்சம் நீடித்தால் தேவலை என்று கூடத் தோன்றும்.

அதே தவில், அதே முழக்கம். ஆனால் கல்யாணம் எதிர் வீட்டில். விடியற்காலை நாலரை மணி. ஒலிபெருக்கிக் குழாய் உங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறது. இரவெல்லாம் ஜுரத்தில் அனத்திய குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது. இப்போது என்ன சொல்வீர்கள்? நல்ல வார்த்தையாக இராது!

கெட்டி மேளத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. தாலி ஏறும் நேரத்தில் யாராவது தும்மிவிட்டால், அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது மணமக்கள் காதில் விழக் கூடாது. அதற்காகத்தான் அந்த முழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய சப்தம் சின்ன சப்தத்தை விழுங்கிவிடும் என்பதை ஒலி நூல் படிக்காமலே நம்மவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆக, சப்தம் என்பது காதில் வந்து மோதுவது மட்டும் அல்ல. எங்கே, எப்போது, யாரால், எதற்காக என்ற நாலு கேள்விகளுக்கும் பதில் பார்த்த பிறகுதான் மனசு, "இது இசை" என்றோ "இது இரைச்சல்" என்றோ தீர்ப்புச் சொல்கிறது.

காதின் கணக்கு

சப்தத்தை அளக்க டெசிபெல் என்று ஓர் அளவு இருக்கிறது. நல்ல இளங்காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60. இந்தக் கணக்கு நம் வீட்டு மளிகைக் கணக்கு மாதிரி நேராகப் போகாது. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு ஆகிறது. ஆனால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உரத்துக் கேட்பதாக மட்டுமே தோன்றுகிறது. காது பெரிய சப்தத்தைச் சின்னதாக்கிக் காட்டும் தாட்சண்யம் உள்ளது. இந்தத் தாட்சண்யத்தால் வரும் ஆபத்தைப் பிறகு சொல்கிறேன்.

சுற்றுப்புறமும் கணக்கில் சேரும். பகலில் குழாய் சொட்டுவது யாருக்காவது தெரிகிறதா? நடு நிசியில் அதே சொட்டு 'டொக்... டொக்...' என்று மண்டையில் அடிப்பது போல் இருக்கிறது. குழாய் ஒன்றும் உரக்கச் சொட்டவில்லை. சுற்றியிருந்த ஆரவாரம்தான் அடங்கிவிட்டது.

அரசாங்கமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு இந்திய அரசு கொண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல் வரை இருக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் 45 தான். அதே தெரு, அதே ஜனங்கள். நேரம் மாறினால் சட்டமும் மாறுகிறது.

தூக்கம் வராத மருமகள்

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் போனால் பெரியநாயக்கன்பாளையம் வரும். ஒரு பக்கம் குருடி மலை. 1930-இல் அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் இந்த ஊரில்தான் இருக்கிறது. நூற்பு யந்திரங்கள் செய்யும் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் 1962-இல் ஆரம்பமானதும் இங்கேதான். 1888-இல் கோவையில் முதல் பஞ்சாலை வந்தது. 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் மளமளவென்று பெருகின. 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய ஜில்லா அல்லவா! ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் கடிகாரத்தைப் பார்த்து உலை வைத்தவர்களைவிட, மில் சங்கு ஊதுவதைக் கேட்டு உலை வைத்தவர்கள் அதிகம். வெளியூர் விருந்தாளி அந்தச் சங்கைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார். வீட்டுக்காரர் புரண்டு படுப்பார்; அவருடைய ஷிப்டுச் சங்கு ஊதினால் மட்டும் எழுந்திருப்பார்!

மலையடிவாரத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஐப்பசியில் பட்டாசு வெடித்தால் தீபாவளி என்று குழந்தைகள் குதிக்கின்றன. வேறு மாதத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் ஒரு வெடி கேட்டால் யாரும் குதிப்பதில்லை, கதவைத் தாழிடுகிறார்கள். மலையிலிருந்து யானை இறங்கியிருக்கிறது, விரட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

இந்த ஊருக்கு சோமனூர் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். சோமனூரும் பல்லடமும் விசைத்தறிக்குப் பேர் போன ஊர்கள். வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். அதில் நாலு தறி, எட்டுத் தறி என்று ராப்பகலாக ஓடும். 'டக்கட்டா, டக்கட்டா' என்று நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபட்டுப் பறக்கும் சப்தத்தில்தான் அங்கே குழந்தைகள் பிறக்கின்றன, வளர்கின்றன, தூங்குகின்றன.

"கல்யாணம் ஆகி வந்த புதுசுல எனக்குத் தூக்கமே வரலீங்க" என்றாள் அந்தப் பெண்.

"புது இடம், அதனால் இருக்கும்."

"எங்க அத்தையும் அப்படித்தானுங்க நெனச்சாங்க. 'அம்மா நெனப்பா, அம்மிணி?'ன்னு கேட்டாங்க. அதெல்லாம் இல்லீங்க. இங்க ஒரே அமைதியா இருந்துச்சு. எங்க ஊர்ல தறி ஓடுனாத்தான் தூக்கம் வரும். கரண்டு போயிருச்சுன்னா வீடே முழிச்சு உக்காந்துக்கும்!"

சப்தம் கேட்டு எழுந்திருப்பதை அறிவோம். சப்தம் நின்றதும் எழுந்திருப்பது வேடிக்கைதான். ஆனால் உலகத்தில் சோமனூர் மட்டும் இப்படி இல்லை. நியூயார்க் நகரில் வீடுகளை உரசிக்கொண்டு தூண்களின் மேல் ஓடிய ரயில் ஒன்று இருந்தது. 1955-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அந்தத் தெருக்காரர்கள் ராத்திரி வேளையில், "என்னவோ நடக்கிறது, வந்து பாருங்கள்" என்று போலீசுக்குப் போன் செய்தார்களாம். பார்த்தால், முன்பு ரயில் போகும் நேரமாக இருந்ததாம் அது! மூளையைப் பற்றி ஆராய்ந்த கார்ல் பிரிப்ராம் என்ற அறிஞர் சொன்ன கதை இது. மூளை ஒரு சப்தத்துக்குப் பழகுகிறது என்றால் அதை மறந்துவிடுகிறது என்று அர்த்தமல்ல. 'இது வரும்' என்று எதிர்பார்த்து வைத்திருக்கிறது. எதிர்பார்த்தது வராவிட்டால் அதுதான் சேதி.

தாயின் காது

தறிக்குடோன் அத்தனை அமர்க்களத்தில், தொட்டிலில் கிடக்கும் குழந்தை சிணுங்கினால் தாய்க்கு மட்டும் எப்படித் தெரிகிறது? பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு இடி இடித்தாலும் தெரியாதே! (அப்பாமார்கள் கோபிக்க வேண்டாம்.)

1953-இல் காலின் செர்ரி என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். ஒருவருடைய இரண்டு காதிலும் இரண்டு வேறு பேச்சைக் கேட்க வைத்து, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் பேச்சு எந்த பாஷையில் இருந்தது என்று கூடப் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் 1959-இல் நெவில் மோரே என்பவர் கவனிக்காத அந்தக் காதில் அவரவர் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மூன்றில் ஒருவர் சட்டென்று கண்டுகொண்டார்கள். 1960-இல் இன்னும் ஒரு படி மேலே போய், தூங்குகிறவர்களுக்குப் பெயர் வரிசை ஒன்றை வாசித்துக் காட்டினார்கள். சொந்தப் பெயர் வந்தபோது, மற்றப் பெயர்களுக்கு அசையாத தூக்கத்தில் கூட, மூளையில் ஒரு சலனம் கண்டது.

காதுக்கு மூடி கிடையாது. ஆனால் மூளையில் ஒரு வாசற்காரன் உட்கார்ந்திருக்கிறான். நமக்கு வேண்டியவர்கள் பட்டியல் அவன் கையில் இருக்கிறது.

அந்த வாசற்காரனுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தன் அதிகாரத்தில் இருக்கும் சப்தத்தை அவன் மன்னித்துவிடுவான். நம் வீட்டு மிக்ஸி சட்னி அரைக்கும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாடி வீட்டு மிக்ஸி காலை ஐந்து மணிக்கு அலறினால், "இவர்களுக்கு மட்டும்தான் விடிகிறதா?" என்று கேட்கிறோம். இதையும் அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் பரீட்சித்து 1972-இல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். டைப்ரைட்டர் ஓசை, புரியாத மொழிப் பேச்சு எல்லாவற்றையும் கலந்து காது கிழியும்படி ஒலிக்கவிட்டு வேலை வாங்கினார்கள். சிலரிடம் மட்டும், "தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், சப்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்றார்கள். அவர்கள் பொத்தானைத் தொடவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலையை, பொத்தான் இல்லாதவர்களைவிட ஒழுங்காகச் செய்தார்கள். 'நினைத்தால் நிறுத்தலாம்' என்ற தைரியமே பாதி மருந்து!

அடுத்த வீட்டில் ரேடியோவையோ டி.வி.யையோ உரக்க வைத்துச் சண்டை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், குறைத்துவிடுகிறோம்" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பாதிச் சப்தம் அப்போதே குறைந்துவிடும்.

கோபமா, குரலா?

சோமனூர்ப் பெண்ணின் கதைக்குத் திரும்புவோம். அவளுடைய அம்மா முதல் தடவை சம்பந்தி வீட்டுக்கு வந்தபோது ஒரு சங்கடம் நேர்ந்ததாம். "சம்பந்தியம்மா ஏன் இப்படிச் சத்தம் போடறாங்க? சீர் செனத்தியில ஏதாச்சும் மனக்குறையா?" என்று மாமியார் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். மனக்குறை ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் இருபத்தைந்து வருஷமாகத் தறி ஓட்டியவர். அவருக்குச் சாதாரணப் பேச்சே அவ்வளவுதான்!

சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 1911-இல் எதியென் லொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் இதை எடுத்துச் சொன்னார். இருபத்தைந்து வருஷம் உயர்ந்தே இருந்த குரல் வீட்டுக்கு வந்ததும் எப்படி இறங்கும்? கேட்கிறவர்களுக்கு அது கோபமாகப் படுகிறது. தறிக்காரக் குடும்பங்கள் முரட்டுக் குடும்பங்கள் என்று டவுன்காரர்கள் நினைத்தால், தப்பு தறியின் மீது.

அசல் மான்செஸ்டர் இருக்கும் லங்காஷயர் பகுதியில், நெசவு ஆலைப் பெண்கள் வாயை அகலமாக அசைத்து, குரலே எழுப்பாமல் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு அவர்கள் ஊரில் 'மீ-மா' என்று செல்லப் பெயர் கூட உண்டு. நம் தறிக்குடோனில் கண்ணாலும் கையாலும் "நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது" என்று சொல்லிக்கொள்கிறார்களே, அதே வித்தைதான்.

பழகியது எது?

இந்த இடத்தில்தான் வேடிக்கை முடிகிறது.

"அம்மா இப்பெல்லாம் போன்ல எது சொன்னாலும், 'சரி சரி'ங்கிறாங்க" என்றாள் அந்தப் பெண். "எம் பையன் 'அம்மிச்சி, அம்மிச்சி'ன்னு கூப்பிட்டுட்டே இருக்கான். அவங்க வேற எதையோ பேசறாங்க. கேட்டா, 'தறிச் சத்தமெல்லாம் எனக்குப் பழகிப் போச்சு கண்ணு'ங்கிறாங்க."

பழகியது மனசு. காது பழகவில்லை.

நம் உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஒரு சிறு குழல் இருக்கிறது. அதற்குள் சுமார் பதினையாயிரம் நுண்ணிய மயிர் அணுக்கள். ஒலி வந்தால் இவை பயிர் காற்றில் ஆடுவது போல் ஆடிச் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. ஓயாத இரைச்சலில் இவை மடிந்துபோகின்றன. நகம் வளரும், முடி வளரும். மனிதருக்கு இந்த அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை. இவற்றுக்கு மேளம் என்றும் தறி என்றும் பேதம் தெரியாது. தான் விரும்பிக் கேட்டதா, வயிற்றுப் பிழைப்புக்குக் கேட்டதா என்றும் தெரியாது.

எவ்வளவு சப்தம் தாங்கும்? எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது இன்று உலகில் பலரும் ஏற்றுக்கொண்டிருக்கும் எச்சரிக்கை எல்லை. அதற்கு மேல் மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 என்றால் நாலு மணி. 91 என்றால் இரண்டு மணி. 100 என்றால் கால் மணிதான். நாடாத் தறிகள் ஓடும் கூடத்தில் சப்தம் சாதாரணமாக 95-லிருந்து 105 வரை இருக்கும். அதில் நம்மவர்கள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறார்கள்! காது பெரிய சப்தத்தைச் சின்னதாக்கிக் காட்டும் என்றேனே, அந்தத் தாட்சண்யத்தின் விலை இது. கால் மணிக் கணக்கைப் பன்னிரண்டு மணி தாண்டிப் போகிறோம். காது "பரவாயில்லை" என்கிறது.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணிக்கு 90 என்று எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் வீட்டோடு நாலு தறி போட்டிருக்கும் இடத்தில் நாமேதான் முதலாளி, நாமேதான் தொழிலாளி; இன்ஸ்பெக்டரும் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் புதுச் சேதியும் அல்ல. செம்பு தட்டும் கன்னார்களின் காது மந்தமாவதை 1700-இல் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர் எழுதி வைத்தார். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துச் சணல் நெசவுப் பெண்களின் காதுகளைச் சோதித்து 1965-இல் ஒரு முக்கியமான ஆராய்ச்சி வெளியாயிற்று. வருஷம் ஏற ஏற அவர்கள் செவி குறைந்துகொண்டே போனது அதில் தெளிவாயிற்று. அந்தப் பெண்களும் "பழகிவிட்டது" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

முதலில் போவது கீச்சு ஒலிகள். 'அ', 'ஆ' போன்ற உயிரொலிகள் தெளிவாகக் கேட்கும். 'ச', 'த', 'ட' போன்ற மெய்கள் நழுவும். 'பத்து' என்றால் 'பட்டு' என்று கேட்கும். அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் "எனக்குக் காது கேட்கிறது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்" என்பார்கள். ஆண் குரலைவிடப் பெண் குரலும், பெண் குரலைவிடக் குழந்தைக் குரலும் கஷ்டம். பேரன் கூப்பிடுவது பாட்டிக்குக் கேட்காமல் போவதன் ரகசியம் இதுதான்.

குழந்தைகளுக்கும் ஒரு நஷ்டம் உண்டு. நியூயார்க்கில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தை ஆர்லீன் பிரான்ஸாஃப்ட் என்ற அம்மையார் ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார். ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்த பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஒரு வருஷம் வரை பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்தின் ஓசையைக் குறைத்து, வகுப்பறைக் கூரைக்கும் ஒலி தடுக்கும் தட்டிகள் போட்ட பிறகு வித்தியாசம் மறைந்ததாக 1981-இல் அவரே எழுதினார். சப்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகும் குழந்தை, டீச்சர் சொல்வதையும் சேர்த்தே காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

தறியை நிறுத்து என்று சொல்ல நான் யார்? அதில்தான் அரிசி வருகிறது, பள்ளிக்கூடச் சம்பளம் வருகிறது. ஆனால் செய்யக் கூடியவை சில இருக்கின்றன.

பஞ்சு விளையும் சீமை நம் சீமை. அதனாலோ என்னவோ, தறிக்குப் போகிறவர்கள் காதிலும் கொஞ்சம் பஞ்சைத் திணித்துக்கொள்கிறார்கள். பஞ்சு இரைச்சலை அவ்வளவாகத் தடுக்காது. மருந்துக் கடையில் நுரை ரப்பர் போன்ற காதடைப்பான் கிடைக்கிறது, அதிகச் செலவில்லை. அதை விரலால் திரி போல் உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, அது உப்பும் வரை அரை நிமிஷம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். சும்மா ஓரத்தில் செருகினால் பயனில்லை.

"அதைப் போட்டால் நூல் அறுவது தெரியாதே, கூப்பிட்டால் கேட்காதே" என்பார்கள். நல்ல செவி உள்ளவர்களுக்கு, பெரும் இரைச்சலில் அடைப்பான் போட்டபின் பேச்சு முன்போலவே புரிகிறது. சில சமயம் இன்னும் தெளிவாகவே புரிகிறது. கூசும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடுவது போலத்தான். ஏற்கெனவே செவி குறைந்தவர்களுக்கு மட்டும் சிரமம் இருக்கலாம். அவர்கள் காது டாக்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

குழந்தை படிக்கும் மேஜையையும், கைக்குழந்தையின் தொட்டிலையும் தறிச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். நடுவில் ஒரு கதவைச் சாத்தினாலும் லாபம்தான். ஷிப்டு முடிந்ததும் காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால், "களைப்பு" என்று விட்டுவிட வேண்டாம். காது செய்யும் முதல் முறையீடு அது. வருஷத்துக்கு ஒரு தடவை செவிப் பரிசோதனை செய்துகொண்டால், பேச்சு நழுவும் முன்பே தெரிந்துவிடும்.

சோதனைக்குப் போக சோம்பலாக இருந்தால், முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். ராத்திரி கரண்டு போய், தறி நின்று, வீடு விழித்து உட்காரும் அல்லவா? அந்த அமைதியில் வெளியே சில்வண்டு கத்தும். அதன் குரல் பெரும்பாலும், இரைச்சலில் முதலில் கெட்டுப் போகிற அதே உச்ச ஸ்தாயியில்தான் இருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும், "சில்வண்டு கேட்கிறதா?" என்று கேளுங்கள். பேரன், "ஓ, கேட்குதே!" என்பான். தறி ஓட்டும் அம்மா, "வண்டா? எங்கே?" என்று கேட்டால், மறுநாளே அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போய்விடுங்கள்.